இரண்டு பேருக்கு நடுவில் விழுந்த பந்து

தென்காசி ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தாவாக இருந்த இசக்கியப்பனுக்குச் சம்பளம் கொடுத்ததே, தப்பு யாருடையது என்று சொல்வதற்குத்தான். செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் கூடையில் பலாப்பழம் நசுங்கியிருந்தால், அனுப்பியவன் கட்டின கட்டு சரியில்லையா, ரயில்வேக்காரன் தூக்கி எறிந்தானா என்று பார்த்து ஒரு வரி எழுத வேண்டும். எண்ணெய் டின் ஒழுகினால் ஒரு வரி. ஊறுகாய் ஜாடி உடைந்தால் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக அவரிடம் குழைவார்கள், வைவார்கள், குலதெய்வத்தின் பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றுவார்கள். அவர் கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், எழுதிவிடுவார். கல்லுளிமங்கன் என்று பிளாட்பாரத்தில் அவருக்குப் பேர்.

அப்படிப்பட்ட ஆள், தன் சொந்த விஷயத்தில் அந்த ஒரு வரியை எழுதத் தெரியாமல் இரண்டு வருஷம் தவித்துக் கிடந்தார்.

சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். எட்டாவது படித்ததும் வயலில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து ரயில்வேயில் சேர்ந்துகொண்டார். ஆள் ஒல்லி, ஆடிக் காற்று அடித்தால் பார்சலோடு பார்சலாகப் பறந்துவிடுவார் என்று போர்ட்டர்கள் கேலி செய்வார்கள். பெண் எடுத்தது இலத்தூரில். மாமனார் நல்லக்கண்ணு வயலும் தோப்புமாக வாழ்கிறவர். நாலு பேர் கூடினால் நடுவில் உட்காருகிறவர். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் பலவேசம், தேக்குமரம் மாதிரி உடம்பு. நடுவில் வள்ளித்தாய், இசக்கியப்பன் கட்டினவள். கடைக்குட்டி சுடலையாண்டி. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் சுடலையாண்டியை இடுப்பில் சுமந்து வளர்த்தது அக்காதான். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த பிறகும், தம்பி அடிக்கடி வந்து தன் கையால் சாப்பிட்டுவிட்டுப் போகாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷத்துச் சாரல் சீசனில் இலத்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு எல்லோரும் குற்றாலத்துக்குக் குளிக்க வந்தார்கள். இசக்கியப்பன் லீவு போட்டுவிட்டு உடன் போனார். குற்றாலத்தில் குளிக்கிறதென்றால் எண்ணெய் தேய்க்காமல் அருவியில் நிற்பவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். தலைக்கு மட்டும் போதும் என்று நெளிந்த தம்பியை வள்ளித்தாய் பாறையில் உட்காரவைத்து, கை, கால், முதுகெல்லாம் ஊறும்படி நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். பத்தொன்பது வயசுப் பையன். பெண்கள் பார்க்கிறார்கள் என்று வெட்கம் அவனுக்கு.

கொஞ்ச நேரத்தில் அருவியின் சத்தம் மாறியது. வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் மண் நிறமாகிச் சருகும் சுள்ளியுமாகக் கொட்டியது. மலைமேல் எங்கேயோ பெய்த மழை. அலறிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். உள்ளே தள்ளி நின்ற சுடலையாண்டி வெளியே வருவதற்குள் தண்ணீர் அவனைப் புரட்டிக் கீழே ஓடைக்குத் தள்ளிவிட்டது. ஓடைக்கரைப் பாறையில் அப்போது ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். எல்லோரும் இலத்தூர்க்காரர்கள், கிணற்றிலும் குளத்திலும் நீந்தியே வளர்ந்தவர்கள். கூடப்பிறந்த அண்ணன் முன்னால் நிற்கும்போது நாம் முந்துவதா என்று மற்றவர்கள் பலவேசத்தைப் பார்த்தார்கள். பலவேசம் அப்பாவைப் பார்த்தார். அப்பா கத்திக்கொண்டே இருந்தார்.

சரியாக நீந்தக்கூடத் தெரியாத இசக்கியப்பன்தான் இறங்கினார். பாறை இடுக்கில் தொங்கிய மரத்தின் வேர் ஒன்றை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையை நீட்டி, தண்ணீரில் வந்த மச்சினன் மணிக்கட்டைப் பிடித்தும்விட்டார். பிடித்தார் என்பதில் சந்தேகமே இல்லை. சுடலையாண்டி அவர் முகத்தைப் பார்த்து, 'அத்தான்' என்று கூப்பிட்டான். பிறகு வேர் மண்ணோடு பெயர்ந்து வர ஆரம்பித்தது. பிறகு கையில் அவன் இல்லை.

எண்ணெய் வழுக்கிவிட்டதா, தன் விரல்கள் தாமாகத் திறந்தனவா, உயிருக்குப் பயந்து தானே திறந்தாரா என்பது அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

இலத்தூர்க்காரர்களுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. 'மாப்பிள்ளை கையில் கிடைத்தான், மாப்பிள்ளை விட்டுவிட்டார்' என்று பையனின் சாவு வீட்டிலேயே பேச்சு முடிந்துபோனது. பாறையில் நின்ற ஏழெட்டுப் பேரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பலவேசம் மட்டும் ஒன்று சொன்னார்: "புடிக்கத் தெரியாதவரு ஏன் எறங்கணும்? அவரு முந்தாம இருந்தா நான் எறங்கியிருப்பேன்லா." இதைச் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். மறு வருஷம் இலத்தூரில் கோயில் கொடை விழா நடந்தபோது இசக்கியப்பனுக்கு அழைப்பு வரவில்லை.

அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வள்ளித்தாய். அவள் சண்டை போடவில்லை, பிறந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளவும் இல்லை. வேளைக்குச் சோறு வடித்தாள். மாட்டைப் பற்றிப் பேசினாள், எதிர்வீட்டுக்காரி மருமகளைப் பற்றிப் பேசினாள். அந்த நாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு அவள் நின்றது பெண்கள் குளிக்கும் பக்கத்துப் படிக்கட்டில். அங்கிருந்து ஓடை நன்றாகத் தெரியும். யார் பார்க்காவிட்டாலும் அவள் பார்த்திருப்பாள். விரல் எப்படித் திறந்தது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று இசக்கியப்பன் நினைத்தார். அவள் வாயிலிருந்து அது வரவேண்டும். 'நீங்க விட்டுட்டிய' என்றாலும் சரி, 'தண்ணி கொண்டுபோச்சு' என்றாலும் சரி. கேட்கத் தைரியம் வரவில்லை. அவளாகச் சொல்வாள் என்று காத்திருந்தே ஒரு வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

இந்த நிலைமையில்தான் பேஸ்பால் வந்து சேர்ந்தது.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டிரில் மாஸ்டர் தங்கசாமி மெட்ராஸில் பயிற்சி எடுத்தவர். அங்கே அமெரிக்கக்காரர்களிடம் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்து, தென்காசியிலும் ஒரு கோஷ்டி சேர்க்காமல் விடமாட்டேன் என்று ஆரம்பித்தார். அவருக்கு மெட்ராஸிலிருந்து மரப்பெட்டியில் மட்டையும் தோல் கையுறையும் வந்தன. வந்த இடத்தில் ஒரு கையுறை நனைந்து ஊறிப்போயிருந்தது. ரயில்வேதான் பொறுப்பு என்றார் மாஸ்டர். இசக்கியப்பன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், உள்ளே கைவிட்டுத் தடவினார், பலகைக்குள்ளே ஓலை வைக்காதது அனுப்பியவர் தப்பு என்று எழுதிவிட்டார். மாஸ்டர் கெஞ்சினார், கோபப்பட்டார், கடைசியில் சிரித்துவிட்டார்.

"உங்கள மாதிரி ஆளத்தான் தேடிக்கிட்டிருந்தேன் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை மைதானத்துக்கு வாங்க."

ஆட்டம் இதுதான். ஒருவன் பந்தை எறிவான், ஒருவன் உருளைக் கட்டையால் அடிப்பான். அடித்தவன் ஓட வேண்டும். நாலு மூலைகளில் மணல் அடைத்த சாக்குகள் கிடக்கும். ஒவ்வொரு சாக்காக மிதித்துச் சுற்றி வந்துவிட்டால் ஒரு ஓட்டம். அவன் சாக்கை மிதிப்பதற்குள் எதிர்க் கோஷ்டி பந்தை எடுத்து அங்கே சேர்த்துவிட்டாலும், அடித்த பந்தை அந்தரத்தில் பிடித்துவிட்டாலும் அவன் அவுட். இதில் கணக்கு எழுதுகிறவருக்கு, மற்ற ஆட்டங்களில் இல்லாத ஒரு வேலை உண்டு. அடித்தவன் சாக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், அவன் கெட்டிக்காரத்தனத்தால் சேர்ந்தானா, எதிர்க் கோஷ்டிக்காரன் சொதப்பியதால் சேர்ந்தானா என்று அவர் ஒருவரே முடிவு செய்ய வேண்டும். கெட்டிக்காரத்தனம் என்றால் ஹிட். சொதப்பல் என்றால் எரர், அதுவும் இன்னான் பேரில் என்று எழுதி, தகரக் குழலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். நடுவர் உட்பட யாரும் குறுக்கே பேச முடியாது.

எப்படி முடிவு செய்வது? மாஸ்டர் சொன்ன சட்டம் ஒரே கேள்வியில் அடங்கிவிட்டது. ஆடத் தெரிந்த சாதாரண ஆள் ஒருவன், சாதாரணமாக முயன்றால் அந்தப் பந்தைப் பிடித்திருப்பானா? பிடித்திருப்பான் என்றால் எரர். பந்து கல்லில் பட்டுத் திசைமாறினால் எரர் இல்லை. வெயில் கண்ணில் அடித்துப் பந்து தெரியாமல் போனால் இல்லை. யாரும் எட்டமுடியாத பந்துக்கு ஒருவன் விழுந்தடித்து ஓடி, விரல் நுனியில் பட்டு நழுவினாலும் இல்லை.

"ரெண்டு பேருக்கு நடுவுல பந்து விழுந்தா?" என்று கேட்டார் இசக்கியப்பன்.

"நீ புடிப்பேன்னு அவனும், அவன் புடிப்பான்னு நீயும் நின்னுட்டா யார் மேலயும் எரர் இல்ல, அண்ணாச்சி. அது ஹிட்."

"ரெண்டு பேருமே சும்மா நின்னாலுமா?"

"ஆமா. கைக்கு வந்ததை விட்டாத்தான் எரர்."

இசக்கியப்பன் கணக்கு நோட்டை வாங்கி, முதல் பக்கத்தில் அந்தச் சட்டத்தை எழுதிவைத்துக்கொண்டார்.

ஆட்டம் ஊருக்குப் பிடித்துவிட்டது. தகரக் குழல் பிடிக்கவில்லை. தப்பு என்று ஒருவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது இங்கே லேசான காரியமா? மாடன் என்ற பையனின் கால்களுக்கு நடுவே பந்து உருண்டோடிவிட்டதை இசக்கியப்பன் குழலில் சொன்ன மறுநாள், அவன் தாயார் மூக்கம்மாள் ஒரு கூடை முருங்கைக்காயோடு பார்சல் ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"எம் மவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம். தப்பு தப்புன்னு ஊரு பூரா கேக்கக் கத்துனா எவன் பொண்ணு குடுப்பான்?"

"பந்து காலுக்கு ஊடால போச்சே, ஆச்சி."

"போனா போவுது. நீரு அந்தப் பக்கம் திரும்பிக்கிடக் கூடாதா?"

அவர் எழுதினதை மாற்றவில்லை. முருங்கைக்காயும் திரும்பிப் போனது. பையனுக்குப் பெண் கிடைத்துவிட்டது என்பது வேறு விஷயம்.

கோஷ்டியில் ஒரு பெரிய ஆளாகப் பலவேசமும் வந்து சேர்ந்தார். பந்தை நன்றாக எறியத் தெரிந்த ஆள் வேண்டும் என்று மாஸ்டர்தான் இலத்தூர் போய்க் கூட்டிவந்தார். கணக்கு எழுதுகிறவர் தங்கச்சி புருஷன் என்று தெரிந்தும் பலவேசம் சிரித்துக்கொண்டே வந்து நின்றார். நேராகக் கைக்கு வரும் பந்தைத் தவிர வேறு எதற்கும் அவர் ஓட மாட்டார். பக்கத்தில் விழுந்தால்கூட இடுப்பில் கை வைத்துப் பார்ப்பார். ஆகவே அவர் பேரில் ஒரு எரர்கூடக் கிடையாது. அவருக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிறவன் முகம்மது மீரான், கடையநல்லூர்த் தறிக்காரர் வீட்டுப் பையன். அவன் எல்லாப் பந்துக்கும் ஓடுவான், தன்னுடையதல்லாத பந்துக்கும் ஓடுவான். அதனாலேயே இரண்டொன்றைத் தவறவிட்டு, குழலில் பேர் அடிபட்டுக்கொண்டே இருந்தான். ஓட்டைக் கையன் என்று ஜனங்கள் அவனுக்குப் பேர் வைத்தார்கள். பலவேசத்துக்கு வைத்த பேர் தங்கக் கையன். இரண்டு பட்டப்பேரும் தான் எழுதின எழுத்தால் வந்தவை என்று தெரிந்தபோது இசக்கியப்பனுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் எழுதினதில் ஒரு புள்ளி தவறில்லை, அதுதான் கொடுமை.

மூட்டைகளை அடுக்கும்போதும், தராசில் வைக்கும்போதும் அந்தச் சட்டம் அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வெள்ளத்தில் இறங்கியது சாதாரண முயற்சியா? இல்லை, ஏழெட்டுப் பேர் செய்யாத காரியம் அது. அப்படியானால் எரர் இல்லை. ஆனால் பிடித்தாகிவிட்டதே? கைக்குள் வந்து உட்கார்ந்த பிறகு வைத்துக்கொள்வது சாதாரணம்தானே? ஒரு நாள் பொறுக்க முடியாமல் மாஸ்டரிடமே கேட்டுவிட்டார்.

"யாரும் எட்ட முடியாத பந்த ஒருத்தன் எட்டிப் புடிச்சிட்டான், சார். கையில நல்லா நின்னுட்டு. அப்புறம் நழுவிட்டு. எரரா?"

"ஈரப் பந்தா, அண்ணாச்சி?"

"எண்ணெய் தடவுன பந்துன்னு வச்சுக்கிடுங்க."

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். இசக்கியப்பன் வீட்டுக் கதை வெளியூர்க்காரரான அவருக்கு எங்கே தெரியும். "எண்ணெய் தடவுன பந்த யாரு எறிவா? சரி, எவ்வளவு நேரம் கையில இருந்துச்சுன்னு பாக்கணும். இருந்துச்சுன்னா எரர்தான்."

அவன் 'அத்தான்' என்று கூப்பிடுகிற அளவுக்கு இருந்தான்.

முப்பத்தேழாம் வருஷத்துச் சீசனுக்குக் குற்றாலம் பங்களாவில் வந்து தங்கியிருந்த அமெரிக்கப் பாதிரியார் ஒருவர், தன் கல்லூரிப் பையன்களைக் கொண்டு ஒரு கோஷ்டி சேர்த்துத் தென்காசியை ஆட்டத்துக்கு அழைத்தார். மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. இலத்தூரிலிருந்து நல்லக்கண்ணுவும் ஆட்களும் வந்திருந்தார்கள். சாரல் விட்டு விட்டுத் தூறியது. கீற்றுப் பந்தலுக்குக் கீழே மேஜை போட்டு இசக்கியப்பன் உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் முடிகிற கட்டம். தென்காசி ஒரே ஒரு ஓட்டம் முந்தியிருந்தது. எதிர்க் கோஷ்டியில் இரண்டு பேர் சாக்குகளில் நின்றார்கள். இன்னும் ஒருவன் அவுட்டானால் தென்காசிக்கு வெற்றி. கல்லூரிப் பையன் ஒருவன் உயரமாகத் தூக்கி அடித்தான். பந்து மேலே போய் மெதுவாக இறங்கியது. பலவேசத்துக்கும் மீரானுக்கும் நடுவில். மீரான் ஓடிவந்து சரியாக அடியில் நின்றுவிட்டான், கையையும் தூக்கிவிட்டான். அந்த நேரம் பார்த்துப் பலவேசம் இரண்டு எட்டு எடுத்து வைத்தார். வயசில் மூத்தவர், பெரிய இடத்துப் பிள்ளை. அவர் வரும்போது நடுவில் கையை நீட்டுவது மரியாதை இல்லை என்று மீரானுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "அண்ணாச்சி!" என்று குரல் கொடுத்துவிட்டு ஒதுங்கினான். பலவேசமும் நின்றுவிட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் ஈரப்புல்லில் பந்து தொப்பென்று விழுந்தது. சாக்குகளில் நின்ற இரண்டு பேரும் சுற்றி ஓடிவந்து இரண்டு ஓட்டம் சேர்த்துவிட்டார்கள். தென்காசி தோற்றது.

கூட்டம் பந்தலை நோக்கி வந்தது. மீரானைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் பலவேசம்.

"எழுதும் மாப்ள. மீரான் பேர்ல எழுதும். புடிக்கப் போன பய ஒதுங்கிட்டான்."

மீரான் அழுகிற நிலையில் இருந்தான். "அண்ணாச்சி வந்தாவ, நான் எப்படிக் குறுக்கப் போவ முடியும்?"

இசக்கியப்பனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பலவேசம் எடுத்து வைத்த இரண்டு எட்டும் பந்தைப் பிடிக்க எடுத்து வைத்ததல்ல, ஓடினதுபோல் காட்ட எடுத்து வைத்தது. பென்சில் கையில் இருக்கிறது. பலவேசம் என்று எழுதிக் குழலில் சொன்னால் போதும். இலத்தூர் முழுக்கக் கேட்கும், மாமனாருக்குக் கேட்கும். நின்றதும் தப்புதான் என்று இத்தனை காலம் கழித்து ஒரு தரமாவது யாராவது சொன்னதாக இருக்கும். அவருக்கு ஆசையாக இருந்தது. அதைச் சொல்லாமல் மறைப்பானேன்? உடம்பு முழுக்க ஆசையாக இருந்தது. பென்சில் முனை காகிதத்தில் பட்டும்விட்டது.

ஆனால் அவருக்குச் சட்டத்தில் இல்லாததை எழுத வராது. இசக்கியப்பன் குழலை எடுத்து, "ஹிட். யார் பேரிலும் எரர் இல்லை" என்றார்.

"அப்ப ஆட்டம் தானாத் தோத்துதா?" என்று ஒருவன் கத்தினான். மேஜையை யாரோ உதைத்தார்கள். பலவேசத்துக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"கேட்டியளாடே? எம் பேர்ல தப்பில்ல. மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். கைக்கு வந்தத விடுறதுன்னா என்னன்னு அவருக்குத் தெரியாததா?"

இலத்தூர் ஆட்கள் சிரித்தார்கள். நல்லக்கண்ணு சிரிக்கவில்லை, ஆனால் மறுத்தும் ஒன்றும் சொல்லவில்லை. மீரானை விட்டுவிட்டார்கள், அவன் விட்டால் போதும் என்று ஓடிப்போனான். மட்டைகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த தங்கசாமி மாஸ்டரிடம் இசக்கியப்பன் போய் நின்றார்.

"நிக்கிறவன் பேர்ல எழுத வழியே இல்லியா, சார்?"

"நானா சட்டம் போட்டேன்?" என்று மாஸ்டர் எரிந்து விழுந்தார். ஆட்டம் தோற்ற வயிற்றெரிச்சல் அவருக்கு. "நிக்கிறவன எழுதணும்னா மைதானத்தச் சுத்தி நின்ன அம்புட்டுப் பேரையும்லா எழுதணும்? போங்க அண்ணாச்சி."

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வள்ளித்தாய் அடுக்களை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செய்தி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. எதிர்வீட்டுக்காரி புருஷனும் மைதானத்தில் நின்றவன்தான்.

"எங்க அண்ணன் பேர்ல எழுதலியாம?" என்றாள், கீரையைப் பார்த்துக்கொண்டே.

"எழுத முடியாது."

"அவன் சும்மா நின்னது எல்லாருக்கும் தெரிஞ்சுதாம."

"நின்னா எழுதக் கூடாது. சட்டம் அப்படி."

அவள் ஒரு காம்பை உருவிப் போட்டாள். "உங்களையும் என்னமோ சொன்னானாம."

"சொன்னாரு."

அவள் அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தாள். மறுபடி மாட்டைப் பற்றியோ மருமகளைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிடுவாள் என்று இசக்கியப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"வள்ளி, எண்ணெய் வழுக்கிட்டுன்னு ஆறுதலுக்குச் சில பேரு சொன்னாவ. நானும் ஆமான்னு இருந்துட்டேன். வழுக்குனது நெசந்தான். ஆனா அதுக்குள்ள வேரு பேந்து வந்துட்டு. எனக்கு உசுருப் பயம். வெரலு தானாத் தொறந்துச்சா, நான் தொறந்தேனான்னு எனக்கே தெரியல. தொறந்தேன்னுதான் தோணுது. ரெண்டு வருசமா இது ஒண்ணுதான் என் மண்டைக்குள்ள கெடக்கு. நீ படியில நின்ன. நீ பாத்திருப்ப. நீ சொன்னா நான் ஏத்துக்கிடுதேன். என்ன சொன்னாலும் ஏத்துக்கிடுதேன்."

வள்ளித்தாய் கீரையைத் தள்ளி வைத்தாள். அவள் கண்களில் தண்ணீர் இல்லை. அவருக்குத்தான் பொலபொலவென்று வந்துகொண்டிருந்தது.

"எங்கப்பா நின்னதப் பாத்தேன்," என்றாள். "அண்ணன் நின்னதப் பாத்தேன். நம்ம ஊருக்காரவ ஒவ்வொருத்தரும் அடுத்தவர் மூஞ்சியப் பாத்ததப் பாத்தேன். சுடலைமாடா, இசக்கியம்மான்னு வாய்க்கு வந்த சாமியெல்லாம் கூப்பிட்டுக்கிட்டு நின்னேன். நீங்க எறங்குனியளா, அதையும் பாத்தேன். உங்களுக்கு நீச்சல் வராதேன்னு உங்களுக்கும் சேத்துக் கும்பிட்டேன். அவன் கையப் புடிச்சிய."

"புடிச்சேன். அப்புறம்?"

"புடிச்சதும் கும்பிடுறத நிறுத்திட்டேன். அவன் வந்தா ஒடம்பு நடுங்கும், தொடச்சு விடணும்னு, தோள்ல கெடந்த ஈரத்துண்ட எடுத்துத் திரும்பி நின்னு புழிஞ்சேன்."

இசக்கியப்பன் அவள் முகத்தையே பார்த்தார். "அப்ப நீ பாக்கலியா?"

"அதான் நீங்க புடிச்சிட்டியளே," என்றாள் வள்ளித்தாய். "அதுக்கு மேல நான் எதுக்குப் பாக்கணும்?"